முதல் வரிசை குடை மடக்கிய நாள்

ஓட்டல் நடத்துவது என்பது மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கலைகளிலேயே மிகக் கடினமானது என்றும், அதை முழுமையாகக் கற்றவர்கள் உலகத்தில் நான்கே பேர் என்றும், அவர்களில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றும் எத்தோரே ராவேரா ஆகஸ்ட் பதினான்காம் தேதி காலையில், கப்புச்சீனோவில் ஃபொகாச்சா ரொட்டியைத் தோய்த்தபடி அறிவித்தான்.

சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவன் சிரிப்பதே இல்லை.

“மிச்சம் இருக்கிற அந்த ஒருத்தர் மீசையில நுரை ஒட்டியிருக்கு. துடைச்சுக்கச் சொல்லு” என்றாள் லீவியா.

லீவியா அவனுக்கு மூத்தவள். எத்தோரே துபாயில் தங்கக் குழாய் வைத்த ஓட்டல்களில் அந்தக் கலையைக் கற்றுக்கொண்டிருந்த வருஷங்களில், இங்கே பியேத்ராமாரே கடற்கரையில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று ஓட்டலை நடத்திக்கொண்டிருந்தவள். அவள் எதையும் அறிவித்ததில்லை. நேரம் இருந்ததில்லை.

நடந்ததையெல்லாம் திரும்பச் சொன்னால் வாரா வாரம் படிப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இவ்வளவு மட்டும்: ஈஸ்டருக்கு முன்னால் அப்பா அமெதேயோவுக்கு நெஞ்சில் வலி வந்தது. படியேறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடி அறையில் படுத்தபடியே அமெதேயோ பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

“ஆகஸ்ட் பதினஞ்சு மத்தியான விருந்துல முதல் வரிசை எத்தோரே கையைப் பிடிச்சா, ஓட்டல் எத்தோரேக்கு. ஒரு கை குறைஞ்சாலும் லீவியாவுக்கு.”

முதல் வரிசை என்றால் ஓட்டலின் மணலில், அலைக்கு அடுத்தபடியாக நிற்கும் பன்னிரண்டு குடைகள். அந்தப் பன்னிரண்டு குடும்பங்களும் முன்பதிவு என்ற ஒன்றைச் செய்ததே கிடையாது. ஃபெர்ரகோஸ்தோ என்ற அந்த ஆகஸ்ட் பதினைந்து விருந்தில் முலாம்பழம் பரிமாறிய பிறகு குடும்பத் தலைவர் எழுந்து வருவார். முதலாளியின் கையைப் பிடிப்பார். “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார். அவ்வளவுதான், அடுத்த கோடைக்கு அந்தக் குடை அவருடையது. தாத்தா காலத்திலிருந்து இப்படியே பிடித்து வைத்திருப்பவர்கள் உண்டு. பியேத்ராமாரேயில் மேயர் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள். ராவேரா ஓட்டலில் ஏழாம் குடை யாருடையது என்று கேட்டால் யோசிக்க மாட்டார்கள்.

“நாளைக்குப் பன்னெண்டு கை. ஒவ்வொண்ணா பிடிச்சுட்டு வந்து அப்பாகிட்ட சொல்றேன்” என்றான் எத்தோரே, மீசையைத் துடைத்துக்கொண்டு.

“பதினொண்ணு. அஞ்சாம் குடையில அதுக்கு உரியவங்க இல்ல.”

“பால்தினி தம்பதி இருக்காங்களே. மிலான்ல பாதி ஊருக்குக் குளியலறைக் குழாய் அவங்களுதுதான்.”

“நாலு நாள் முன்னாடி வந்தவங்க. அடுத்த வருஷம் எந்தக் கடல்ல இருப்பாங்களோ. அஞ்சாம் குடை கேப்டன் ப்ருசோனேவோடது.”

“அவரு இந்த வருஷம் வரவே இல்ல அக்கா.”

“பொண்டாட்டி செத்து ஆறு மாசம்கூட ஆகல. மெதுவா வருவாரு. அதுவரைக்கும் குடை கட்டியே இருக்கணும். அப்பா அப்படித்தான் வெச்சிருப்பாரு.”

எத்தோரே கரண்டியைக் கீழே வைத்தான். அவனுக்கு மிகவும் பிடித்த தலைப்பு இது.

ராவேரா ஓட்டலில் ஒரு வழக்கம் இருந்தது. குளிர்காலத்தில் முதல் வரிசைக் குடும்பத்தில் யாராவது இறந்துபோனால், கோடை வந்ததும் அந்தக் குடையை மட்டும் விரிக்க மாட்டார்கள். போன செப்டம்பரில் கட்டிய கட்டோடு, மடங்கியபடி அப்படியே நிற்கும். அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்து, தன் கையால் கட்டைப் பிரிப்பார். அதற்குப் பிறகுதான் அமெதேயோ அதை விரிப்பார். மற்றக் குடைகளையும் தினமும் காலையில் அவரேதான் விரித்தார், வேலைக்காரர்களை விட்டதில்லை. வக்கீல் கானெபாவுக்குத் தாழ்வாக, முதியவள் சிஞ்ஞோரா மஸ்ஸோலாவுக்குக் கிழக்கே சாய்த்து.

“குடைக்குத் துக்கம் கொண்டாடற ஒரே ஓட்டல் பூமியில இதுதான்” என்றான் எத்தோரே. “முதலாளி காலங்காத்தால மணல்ல இறங்கிப் போய், கிழவிக்கு எந்தப் பக்கம் சாய்க்கணும்னு பார்த்துப் பார்த்துக் குடை விரிக்கிறாராம். துபாய்ல இதைச் சொன்னேன். நம்பல. ஆறு பேர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

அதனால்தான் மே மாதமே பழைய குடைகளை எல்லாம் அள்ளி அனுப்பிவிட்டு, மோட்டார் வைத்த புதுக் குடைகளை நட்டிருந்தான். காலையில் படுக்கையிலிருந்தே போனில் ஒரு தட்டு. எல்லாக் குடையும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், ராணுவம் மாதிரி விரியும்.

“முதல் வரிசை என்ன சொன்னாங்க?” என்று அன்றைக்கே கேட்டிருந்தாள் லீவியா.

“ஒண்ணும் சொல்லல. பிரமிச்சுப் போயிட்டாங்க.”

அவர்கள் பிரமிக்கவில்லை. காத்திருந்தார்கள்.

*

நண்பகலில் போன் அடித்தது. கடற்கரைக் காவலன் ருஜ்ஜேரோ.

“சார், முதல் வரிசையை மூடிட்டாங்க.”

“யாரு, நகராட்சியா?”

“இல்ல சார். அவங்களேதான். குடையை மடக்கிட்டு வெயில்ல உக்காந்திருக்காங்க.”

“எத்தனை பேரு?”

“எல்லாரும் சார். அஞ்சாம் நம்பர் மட்டும் விரிஞ்சிருக்கு.”

எத்தோரே முதல் மாடி மேல்தளத்துக் கைப்பிடிச் சுவருக்கு ஓடினான். லீவியா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள்.

கீழே, ஆகஸ்ட் வெயிலில், முதல் வரிசைக் குடைகள் மெழுகுவர்த்திகளைப் போல மடங்கி நின்றன. அவற்றின் கீழே, அல்லது கீழே என்று சொல்வதற்கு இப்போது எதுவும் இல்லாத இடத்தில், அந்தக் கடற்கரையின் மிக மரியாதைக்குரிய முதியவர்கள் சாய்வு நாற்காலிகளில் நேராக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் குடை விரிந்திருந்தது. அதன் நிழலில் பால்தினி தம்பதி தர்ப்பூசணி சாப்பிட்டுக்கொண்டே, இந்த ஊரில் மதியம் எல்லோரும் இப்படித்தான் வெயில் காய்வார்கள் போலிருக்கிறது என்ற முகத்தோடு சுற்றிலும் பார்த்தார்கள்.

“என்ன ஆச்சு இவங்களுக்கு?”

“கேப்டன் வந்தாரு” என்றாள் லீவியா. “ரயில்ல இருந்து இறங்கி, கோட்டோட, பெட்டியோட நேரா மணலுக்குப் போனாரு. அஞ்சாம் குடை முன்னாடி நின்னாரு. பால்தினி எழுந்திருக்கப் பார்த்தாரு. ‘பரவாயில்ல, உக்காருங்க’ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு. அவர் முதுகு திரும்பின உடனே வக்கீல் குடையை மடக்கினாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா.”

“கேப்டன் இப்ப எங்க?”

“பார்ல. கினோத்தோ குளிர்பானம் வாங்கி வெச்சுக்கிட்டுக் குடிக்காம உக்காந்திருக்காரு.”

எத்தோரே யோசித்தான். உலகத்தின் நான்காவது நிபுணன் யோசித்தால் என்ன செய்வானோ அதையே செய்தான். போனை எடுத்து ஒரு தட்டு தட்டினான்.

கீழே பதினொரு மோட்டார்கள் ஒன்றாக முனகின. குடைகள் விரிந்தன. வெண்மையான நிழல் வட்டங்கள் வரிசையாக மணலில் விழுந்தன.

“பாத்தியா” என்றான்.

முதல் வரிசை எழுந்தது. அவசரப்படாமல், ஆளுக்கொரு குடையைப் பிடித்து மடக்கியது. உட்கார்ந்தது.

எத்தோரே மறுபடி தட்டினான். விரிந்தன. மடக்கினார்கள். மீண்டும் தட்டினான். இம்முறை வக்கீல் கானெபா எழுந்து, தன் குளியல் அங்கியின் இடுப்புக் கயிற்றை உருவி, மடக்கிய குடையைச் சுற்றி இறுகக் கட்டிவிட்டு, மேல்தளத்தை நிமிர்ந்து பார்த்தார். அங்கி முழுவதுமாகத் திறந்துகொண்டது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நாற்பது வருஷம் நீதிமன்றத்தில் நின்ற மனிதர். எத்தோரே இன்னொரு தட்டு தட்டினான். கட்டிய குடைக்குள் மோட்டார் உறுமியது, பின் கருகிய நாற்றம் ஒன்றை விட்டுவிட்டு அடங்கியது.

“நீ விரிக்க விரிக்க அவங்க மடக்குவாங்க” என்றாள் லீவியா. “யாருக்கு முதல்ல சலிக்கும்னு நினைக்கிற?”

“சிஞ்ஞோரா மஸ்ஸோலாவுக்கு எண்பத்தொண்ணு அக்கா. வெயில்ல விழுந்துட்டாங்கன்னா?”

“இப்பதான் அது ஞாபகம் வந்துச்சா?”

அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. அதனால்தான் அது அதிகமாக உறைத்தது. கீழே சிஞ்ஞோரா மஸ்ஸோலா, ஊரின் மருந்துக்கடைக்காரரின் விதவை, தொப்பியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு கைவிசிறியை வீசிக்கொண்டிருந்தாள். விசிறி மெதுவாகிக்கொண்டே வந்தது. ருஜ்ஜேரோ தண்ணீர்ப் புட்டியோடு ஓடினான். அவள் தலையசைத்து மறுத்துவிட்டாள்.

“அப்பா ஜன்னல் திறந்திருக்கு” என்றாள் லீவியா, மேலே பார்க்காமலே.

எத்தோரே பார்த்தான். மூன்றாவது மாடியில் பச்சைக் கதவுகள் பாதி விலகியிருந்தன. உள்ளே இருட்டு. அங்கிருந்து பார்த்தால் முதல் வரிசை முழுக்கத் தெரியும்.

*

கேப்டன் ப்ருசோனே கப்பல் ஓட்டியவர் இல்லை. ஜெனோவா துறைமுகத்தில் பெரிய கப்பல்களின் மேல் ஏறி, அவற்றைக் கரைக்கு அழைத்து வந்து கட்டச் செய்தவர். முன்னால் இருந்த கறுத்த குளிர்பானத்தில் பனிக்கட்டி கரைந்து முடிந்திருந்தது.

எத்தோரே எதிரே அமர்ந்தான். துபாய்க் குரலை எடுத்துக்கொண்டான்.

“கேப்டன், கடலைப் பார்த்த பெரிய அறை ஒண்ணு உங்களுக்காகத் தயார் பண்ணச் சொல்லிட்டேன்.”

“கடலை நிறையப் பார்த்தாச்சு தம்பி. அதுக்கும் என் மூஞ்சி அலுத்திருக்கும்.”

“ரெண்டாம் வரிசையில நல்ல இடம் ஒண்ணு...”

“நிழலுக்காக வரல.” கேப்டன் கோப்பையை ஒரு விரலால் நகர்த்தினார். “என் பொண்டாட்டி எர்சீலியா போன செப்டம்பர்ல கடைசி நாள் குடையைக் கட்டிட்டுத்தான் ரயில் ஏறினா. ஒவ்வொரு வருஷமும் அவதான் கட்டுவா. நான் துறைமுகத்துல வேலை பார்த்தவன்டி, முடிச்சு எனக்குத் தெரியும்னா, விட மாட்டா. ‘உன் முடிச்சு கப்பலுக்குத்தான் நிக்கும்’ம்பா. ஜூன் மாசம் உங்கப்பா அதைப் பிரிக்க முடியாமத் திண்டாடுவாரு. இவ பக்கத்துல நின்னு சிரிப்பா.”

எத்தோரே அவருடைய பெட்டியைப் பார்த்தான்.

“அதைப் பிரிக்கத்தான் வந்தேன். பிரிச்சு, உங்கப்பா விரிச்சாருன்னா, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு சாயங்கால ரயிலுக்குப் போயிருவேன். நாளைக்கு விருந்துக்கெல்லாம் இருக்கல. கை வேணும்னா போறப்பவே கொடுத்துட்டுப் போறேன். அந்தக் குடை எங்க வெச்சிருக்கே?”

கை. பன்னிரண்டாவது கை மேசைக்கு மேல், புள்ளி புள்ளியாக வயசாகி, அவனுக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது.

“கிடங்குல...” என்று ஆரம்பித்தான் எத்தோரே.

ஒரு பொய் போதும். கிடங்குச் சாவி யாரிடமோ இருக்கிறது, நாளைக்குக் காலையில் எடுத்துத் தருகிறேன், இன்றிரவு தங்குங்கள். நாளை மதியம் கையைப் பிடித்துவிட்டால் அப்புறம் குடை கிடைக்காவிட்டால்தான் என்ன. துபாயில் இதைவிடப் பெரிய பொய்களைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லியிருக்கிறான்.

கேப்டன் கோட்டுப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். முடிச்சைப் பிரிக்கக் கண் தெரிய வேண்டுமல்லவா.

“கிடங்குல இல்ல கேப்டன்” என்றான். “எல்லாத்தையும் மாதா கோவில் கோடை முகாமுக்குக் கொடுத்துட்டேன். கொடுக்கும்போது எல்லாத்தையும் பிரிச்சுக் கொடுக்கணும்னாங்க. உங்களுதை ஆளால பிரிக்க முடியல. லாரி நின்னுட்டு இருந்துச்சு. நான்தான் கத்தி எடுத்துக் கொடுத்தேன்.”

பாரில் யாரோ காபி இயந்திரத்தைத் திறந்துவிட்டார்கள். அது சீறி ஓயும் வரை கேப்டன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பிரிக்க முடியலையா?”

“முடியல.”

“கத்திதான் வேண்டியிருந்துச்சா?”

“ஆமா.”

கேப்டனின் வாய் ஓரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. பார்ப்பவர்கள் அதைப் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

“அப்ப சரியாத்தான் கட்டியிருக்கா” என்றார். கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டார். கையைக் கொடுக்கவில்லை. கோபமாகவும் இல்லை. கொடுக்க வேண்டும் என்பதே மறந்துபோனவர் மாதிரி, ரயில் நிலையத்துக்குப் போகும் படிகளில் இறங்கிப் போனார்.

எத்தோரே உட்கார்ந்தே இருந்தான். ஒரு கை குறைந்துவிட்டது. அப்பாவின் கணக்குப்படி விஷயம் முடிந்தது. இனி முதல் வரிசை வெயிலில் வெந்தால் என்ன, வேகாவிட்டால் என்ன, ஓட்டல் அவனுக்கு இல்லை. எழுந்து அறைக்குப் போய்ப் பெட்டி கட்டலாம்.

எழுந்தான். அறைக்குப் போகவில்லை.

*

மணலில் அவன் வருவதைப் பார்த்ததும் முதல் வரிசை தலையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டது, ஒரு குடும்பம் விடாமல்.

பால்தினி எழுந்து நின்றார். “மேனேஜர் சார், ஒரு சந்தேகம். இங்க எல்லாரும் எங்களைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தா, நாங்க யாரோட கட்டில்லயோ படுத்திருக்கிற மாதிரி இருக்கு.”

“அப்படித்தான் சிஞ்ஞோர். தப்பு என்னுது.” நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான்.

பால்தினியின் மனைவி முழுவதையும் கேட்டு முடிக்கும் முன்பே துண்டைச் சுருட்டிவிட்டாள். “உங்ககிட்ட யாரும் சொல்லலையா, இல்ல சொல்லியும் கேக்கலையா?” என்று கேட்டாள்.

“சொன்னாங்க.”

“எங்களுக்கு நாலாம் வரிசை போதும். தர்ப்பூசணியை நானே எடுத்துக்கறேன், விடுங்க.”

ஐந்தாம் குடை காலியானது. எத்தோரே அதன் அடியில் மண்டியிட்டு, மோட்டாருக்குப் போகும் கம்பியைப் பிடுங்கினான். குடையை மடக்கினான். மடக்குவது சுலபமாகத் தெரிந்தது, ஆனால் துணி ஒரு பக்கம் உப்பி, இன்னொரு பக்கம் விரலைக் கடித்தது. கட்டுவதற்கு எதுவும் இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, வலது காலணியின் கயிற்றை உருவி, இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டான். நல்ல முடிச்சு என்று சொல்ல முடியாது. காற்று பலமாக அடித்தால் அவிழ்ந்துவிடும்.

வக்கீல் கானெபா அங்கியை இழுத்து மூடிக்கொண்டு பார்த்தார்.

“கேப்டன் எங்க?”

“போயிட்டாரு. குடையைக் கட்டின முடிச்சை நான் மே மாசமே அறுக்க வெச்சுட்டேன். அதைச் சொன்னேன்.”

“நீயா சொன்னே?”

“நான்தான்.”

வக்கீல் அந்தக் காலணிக் கயிற்று முடிச்சைப் பார்த்தார். “கை விஷயமெல்லாம் நாளைக்கு. இன்னிக்கு யாரும் உனக்கு ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

“நான் கை கேக்க வரல.”

பின்னால் மணலில் வேகமான காலடி. லீவியா. அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

“எத்தோரே, அப்பா அறையில இல்ல.”

“என்ன?”

“கட்டில் காலி. தொப்பி இல்ல, செருப்பு இல்ல. லிஃப்ட்ல வந்திருந்தா என்னைத் தாண்டித்தான் போகணும். படியிலதான் இறங்கியிருக்காரு. பின் வாசல் திறந்திருக்கு.”

பின் வாசல், கேப்டன் போன ரயில் நிலையச் சாலைக்குப் போவது. நடுவில் எழுபது எண்பது படிகள், வெயிலில். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்தார்கள். அப்பாவின் நெஞ்சு.

“வா, போகலாம்” என்றாள்.

எத்தோரே ஒரு அடி வைத்தான். கயிறில்லாத காலணி மணலிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தான். சிஞ்ஞோரா மஸ்ஸோலாவின் விசிறி மடியில் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“நீ போ அக்கா. நீ முதல்ல போ. ருஜ்ஜேரோவைக் கூட்டிட்டுப் போ. இவங்களை இப்படியே விட்டுட்டு என்னால வர முடியாது.”

லீவியா அவன் வெறுங்காலைப் பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் நல்ல வாக்கியம் ஒன்று தயாராக இருந்தது. சொல்லவில்லை. ஓடினாள்.

அவளைத் தொடரும் முன் ருஜ்ஜேரோ தயங்கினான். “சார், போன்ல தட்டினா எல்லாம் ஒண்ணா விரிஞ்சிரும். ரெண்டு நிமிஷ வேலை.”

“வேண்டாம். நீ ஓடு.”

எத்தோரே சிஞ்ஞோரா மஸ்ஸோலாவின் குடைக்குப் போனான். கம்பியைப் பிடுங்கினான். மடங்கிய துணியைக் கையால் பிரித்து, குடைக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மேலே ஏற்றினான். நிழல் அவள் முழங்காலில் விழுந்து, நெஞ்சுக்கு ஏறியது. அவள் அதைத் தடுக்கவில்லை.

“எந்தப் பக்கம் சாய்க்கணும் சிஞ்ஞோரா?”

“உங்கப்பா கேட்டதே இல்ல.”

“தெரியும்.”

அவள் கண்ணை மூடியபடியே கையைத் தூக்கிக் காட்டினாள். கிழக்கே. அவன் சாய்த்தான். இன்னும் கொஞ்சம் என்று விரல் சொன்னது. இன்னும் கொஞ்சம் சாய்த்தான். நிழல் அவள் முகத்துக்கு வந்ததும் விரல் இறங்கியது.

ரயில் நிலையத்தின் பக்கமிருந்து யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது. லீவியாவின் குரல் மாதிரி இருந்தது. எத்தோரே ஒரு கணம் நின்று கேட்டான். மறுபடி கேட்கவில்லை.

மற்றக் காலணியையும் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த குடைக்கு நடந்தான்.